பார்க் கவுண்டியின் கூரைப் பாலங்கள்: பழுதுபார்த்தலின் வரலாறு

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸிலிருந்து 36-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனால் ராக்வில் என்ற சிற்றூர் வருகிறது. பார்க் கவுண்டியின் தலைமையிடம் இது. தென்வடலாக ஓடும் 41-ஆம் எண் நெடுஞ்சாலை இவ்வூரில்தான் குறுக்கே வந்து சேர்கிறது. காரில் வருகிறவர்களுக்கு இங்கே ஒரு வரைபடம் கிடைக்கும். சிவப்பு, கறுப்பு, பழுப்பு, நீலம், மஞ்சள் என ஐந்து நிறக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு பயண வழி. ஐந்தையும் சுற்றி முடித்தால் கவுண்டியிலுள்ள 31 கூரைப் பாலங்களையும் பார்த்துவிடலாம்.

கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 16,000. அதாவது ஏறக்குறைய ஐந்நூறு பேருக்கு ஒரு பாலம். இவ்வளவு அடர்த்தியாக மரத்தாலான கூரைப் பாலங்கள் மிஞ்சியிருக்கும் இடங்கள் அமெரிக்காவில் மிகக் குறைவு. ‘உலகின் கூரைப் பாலத் தலைநகர்’ என்று இந்தக் கவுண்டி தன்னை அழைத்துக்கொள்கிறது. பட்டம் தானே சூட்டிக்கொண்டதுதான் என்றாலும் கணக்கு ஓரளவு பொருந்தவே செய்கிறது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் சாலை குறுகிவிடும். இருபுறமும் மக்காச்சோளமும் சோயாவும். சில இடங்களில் தார் முடிந்து சரளைக்கல் தொடங்கும். எதிரே குதிரை வண்டியும் வரலாம்: கார் ஓட்டாமல் குதிரை வண்டியில் செல்லும் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினரின் குடும்பங்கள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியிலிருந்து 1990-களின் தொடக்கத்தில் இங்கே குடியேறத் தொடங்கின. வயல் சரிந்து ஓடையை நோக்கி இறங்கும் இடத்தில், மரங்களுக்கு நடுவே, இரு பக்கமும் வாய் திறந்த நீண்ட களஞ்சியம்போல் ஒன்று நிற்கும். சிவப்புச் சுவர், வெள்ளை முகப்பு. முகப்பில் பாலத்தின் பெயர், கட்டிய ஆண்டு, கட்டியவர் பெயர். அதற்கு மேலே, குதிரையை ஓட்டாமல் நடத்திப் போகச் சொல்லும் பழைய எச்சரிக்கை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் மங்கும், பலகைகள் சடசடக்கும், அரை நிமிடத்தில் மறுகரை வந்துவிடும்.

அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அக்டோபரில் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அவர்கள் காண வருவது கடந்த காலத்தை. ஆனால் இந்தப் பாலங்களின் வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. இவை காலத்தில் உறைந்து நின்றவை அல்ல. எரிந்தவை, அடித்துச் செல்லப்பட்டவை, பெயர்த்து எடுத்துப்போய் வேறு ஓடையில் வைக்கப்பட்டவை, பழைய பாலத்தின் உறுப்புகளால் கட்டப்பட்டவை என இவற்றில் பலவும் திரும்பத் திரும்பப் பழுதுபார்க்கப்பட்டே நம் காலம்வரை வந்திருக்கின்றன.

கூரை எதற்கு?

குதிரை தண்ணீரைக் கண்டு மிரளாமலிருக்க, பனி உள்ளே விழாமலிருக்க, காதலர்கள் மறைந்துகொள்ள. கூரைக்கு மக்கள் சொல்லும் காரணங்கள் இவை. பனியைப் பற்றிய விளக்கம் உண்மைக்கு நேர்மாறானது. நியூ இங்கிலாந்து ஊர்களில் குளிர்காலத்தில் ஆள் வைத்துப் பனியை வாரிப் பாலத்துக்குள் கொட்டுவார்கள். இல்லாவிட்டால் சறுக்குவண்டிகள் வெறும் பலகைமேல் இழுபட்டுத் தடுமாறும்.

கூரை மனிதருக்காகவும் குதிரைக்காகவும் போடப்பட்டதன்று, மரத்துக்காகப் போடப்பட்டது. மழையில் நனைந்து வெயிலில் காயும் மரம், அதிலும் இரண்டு உறுப்புகள் கூடும் மூட்டுகள், விரைவில் உளுத்துவிடும். பொருத்துவாயில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தங்கும். பூஞ்சை அங்கேதான் தொடங்கும். மூடாத மரப்பாலம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கினால் பெரிது. அதே மரம், அதே மூட்டு, மேலே கூரையும் பக்கவாட்டில் பலகையும் இருந்தால் நூறாண்டு கடந்தும் நிற்கும். நம் ஊர் மண்சுவருக்குத் தாழ்வாரம் செய்யும் வேலை இது.

அமெரிக்காவில் இதற்குத் தொடக்கம் ஃபிலடெல்ஃபியாவில். ஷூல்கில் ஆற்றின்மேல் டிமதி பால்மர் கட்டிய பெரிய மரப்பாலம் 1805-இல் திறக்கப்பட்டது. பாலக் கம்பெனியின் தலைவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் ஒரு நீதிபதி. இவ்வளவு பணம் போட்டுக் கட்டியதை மழைக்குக் கொடுப்பானேன் என்று அவர் வற்புறுத்தியதால் பாலத்துக்குக் கூரையும் சுவரும் வந்தன. அந்நாட்டில் முறையாக மூடப்பட்ட முதல் பாலமாக அதையே குறிப்பிடுகிறார்கள். கூரை என்ற எண்ணம் தச்சரைவிடக் கணக்குப் பார்க்கிறவரிடமிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே போட்ட மெல்லிய பலகை நைந்தால் மலிவாக மாற்றிவிடலாம். அடியில் பாரம் சுமக்கும் கனத்த உத்திரம் பிழைக்கும். பழுதாவதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துக் கட்டும் இந்தத் திட்டத்தில் பராமரிப்பு முதல் நாளிலேயே சேர்ந்துவிடுகிறது.

வில்லும் சட்டகமும்

கூரையும் சுவரும் போர்வை மட்டுமே. பாரம் சுமப்பது உள்ளே இருபுறமும் நிற்கும் சட்டகம். பார்க் கவுண்டியில் பெரும்பாலானவை ‘பர் வில்’ என்ற முறையில் கட்டப்பட்டவை. நியூயார்க், பென்சில்வேனியா பகுதிகளில் பாலங்கள் கட்டிய தியோடோர் பர் 1817-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

செங்குத்துத் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கிடையே நடுப்பகுதியை நோக்கிச் சாயும் குறுக்குச் சட்டங்களை வைத்தால் முக்கோணங்களின் தொடர் கிடைக்கிறது. முக்கோணம் உருக்குலையாது என்பது எந்தத் தச்சருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நீளம் கூடக்கூட மரச் சட்டகம் நடுவில் தொய்யும். பர் செய்தது, இந்தச் சட்டகத்தின் இருபுறமும் ஒட்டினாற்போல் பெரிய மர வில் ஒன்றை வளைத்து, அதன் இரு கால்களையும் பாலத்தின் தளத்துக்குக் கீழே கரையின் கற்கட்டுமானத்தில் ஊன்றியது. சட்டகம் வில்லை நெளியாமல் பிடிக்கும். வில் சட்டகத்தைத் தொய்யாமல் தாங்கும். பாரம் இரு வழிகளில் கரைக்குப் போகும்.

காரை நிறுத்திவிட்டுப் பாலத்துக்குள் நடந்தால் இந்த வில்லைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தளத்துக்கடியிலிருந்து கிளம்பி, ஆளுயரம் தாண்டி ஏறி, கூரையை நெருங்கி, மறுகரையில் மீண்டும் தளத்துக்குள் இறங்கி மறையும். ஓட்டிக்கொண்டே போகிறவருக்கு இது தெரியாது. பாலத்தின் அறிவு முழுவதும் சுவருக்கு உட்புறம் இருப்பதால், இறங்கி நடப்பவருக்கே அது வாய்க்கிறது.

இதே காலத்தில் வேறு முறைகளும் போட்டியிட்டன. ஐதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்ற முறையில் பெரிய உத்திரங்களே தேவையில்லை. சாதாரணப் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல்போல் அடுக்கி, மர முளைகளால் பிணைத்துவிடலாம். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களை இணைக்கும் கார்னிஷ்-வின்சர் பாலம் (1866) இந்தப் பின்னல் முறையின் ஒரு வகையில் கட்டப்பட்டது. 1840-இல் வில்லியம் ஹௌ செங்குத்து மரங்களுக்குப் பதில் இரும்புத் தண்டுகளை வைத்தார். இரும்புப் பாலங்களுக்கு அது ஒரு படிக்கட்டு. பார்க் கவுண்டியோ பர் வில்லை விடாமல் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் ராக்வில்லில் வாழ்ந்த இரண்டு மனிதர்கள்.

டேனியல்ஸும் பிரிட்டனும்

ஜே. ஜே. டேனியல்ஸ் 1826-இல் ஒஹாயோவில் பிறந்தவர். தந்தையும் பாலம் கட்டுபவர். 1861-இல், உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டில், சுகர் கிரீக் ஓடையின்மேல் ஜாக்சன் பாலத்தை அவர் கட்டினார். நடுவில் தூணே இல்லாமல் சுமார் 200 அடியை ஒரே தாவலில் கடக்கும் அந்தப் பாலத்தில் இன்றும் வண்டிகள் போகின்றன. பிக் ரக்கூன் ஓடையின்மேல் மான்ஸ்ஃபீல்டு பாலத்தை 1867-இலும், அதே ஓடையில் பிரிட்ஜ்டன் பாலத்தை 1868-இலும் கட்டினார். இரண்டுமே மாவு ஆலைகளை ஒட்டியவை. தானிய வண்டி ஆலைக்கு வரவேண்டுமானால் ஓடையைக் கடந்தாக வேண்டும் என்பதால் பாலத்தின் இடத்தைப் பல ஊர்களில் ஆலையே தீர்மானித்தது. 1876-இல் அவர் முடித்த வெஸ்ட் யூனியன் பாலம் 315 அடி. கவுண்டியில் இன்றுள்ளவற்றில் அதுவே நீளமானது.

ஜே. ஏ. பிரிட்டன் உள்ளூரில் பிறந்தவர். அவருடைய முதல் பாலம் டர்க்கி ரன் பூங்காவில் இருக்கும் நேரோஸ் பாலம் (1882). டேனியல்ஸ் முகப்பை வளைவாக அமைப்பார். பிரிட்டனுடைய முகப்பின் மேல் மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பெயர்ப் பலகையைப் படிக்காமலே தூரத்திலிருந்து கட்டியவரைச் சொல்லிவிடலாம். டேனியல்ஸ் தம் கடைசிப் பாலமான நீட் பாலத்தை 1904-இல் கட்டியபோது அவருக்கு வயது 78. அதற்குப் பிறகு களம் பிரிட்டனுடையது.

1904-க்குப் பிறகும் மரப்பாலமா என்று கேட்கத் தோன்றும். இரும்புப் பாலக் கம்பெனிகள் அப்போது நாடெங்கும் விற்பனையாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தன. ஆனாலும் கவுண்டி பிரிட்டனையே திரும்பத் திரும்ப அழைத்தது. 1906 முதல் 1910 வரையிலான நான்கைந்து ஆண்டுகளில் மட்டும் பல பாலங்கள் எழுந்தன. ஆள் உள்ளூர்க்காரர், வேலை தெரிந்தவர், கட்டியவை நிற்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். தொழில்நுட்ப வரலாற்றில் புதியது வந்ததும் பழையது போய்விடும் என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். இந்தக் கவுண்டியில் பழையதும் புதியதும் அரை நூற்றாண்டு அக்கம்பக்கமாக இருந்தன.

1913 ஈஸ்டர் நாளில் தொடங்கிய பெருவெள்ளம் இந்தியானா முழுவதையும் புரட்டிப்போட்டது. சுகர் கிரீக்கில் காக்ஸ் ஃபோர்டு என்னும் இடத்திலிருந்த இரும்புப் பாலம் போய்விட்டது. அந்த இடத்தில் பிரிட்டன் அதே ஆண்டில் கட்டியது ஒரு மரக் கூரைப் பாலம். அதற்கான வில்களை, அதே வெள்ளத்தில் அழிந்த ஆர்மீஸ்பர்க் கூரைப் பாலத்திலிருந்து எடுத்தார்கள். இரும்பு போன இடத்தில் மரம். அதுவும் பழைய மரம். இன்று காக்ஸ் ஃபோர்டு பாலத்தைப் புகைப்படம் எடுப்பவர் ஒரே சட்டத்துக்குள் இரண்டு பாலங்களை எடுக்கிறார். கவுண்டியில் பழைய முறையில் கடைசியாக எழுந்த நெவின்ஸ் பாலத்தின் ஆண்டு 1920. ஃபோர்டு கார்கள் சாலையெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

எப்படித் தப்பின?

அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூரைப் பாலங்கள் கட்டப்பட்டன. இன்று மிஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. வெள்ளம், தீ, உளுத்தல் எல்லாம் காரணம் என்றாலும் பெரும்பாலானவற்றை அழித்தது சாலை மேம்பாடுதான். லாரி போக அகலம் போதாது, உயரம் போதாது, பாரம் தாங்காது. எங்கே போக்குவரத்து பெருகியதோ அங்கே பழைய பாலம் முதலில் விழுந்தது.

பார்க் கவுண்டியில் போக்குவரத்து பெருகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பின்னர் குறைந்தது. நிலக்கரியும் களிமண் ஓட்டுத் தொழிலும் ஒரு காலத்தில் கொடுத்த வேலைகள் மறைந்தன. புதிய பாலத்துக்குச் செலவிடப் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. ஆக, முதல் ஐம்பது ஆண்டுகள் இப்பாலங்களைக் காத்தது மரபுணர்ச்சி என்று சொல்வதற்கில்லை. வளர்ச்சி இந்தப் பக்கம் வராததே காத்தது.

அந்தக் காவல் நிரந்தரமானது அன்று. பிக் ரக்கூன் ஓடையில் வெள்ளத் தடுப்பு அணை வந்தபோது, 1856-இல் கட்டப்பட்ட போர்ட்லண்ட் மில்ஸ் பாலம் நீர்த்தேக்கப் பகுதிக்குள் சிக்கியது. அதைப் பெயர்த்து 1961-இல் வேறோர் ஓடைமேல், அதற்கு முந்தைய ஆண்டு எரிந்துபோன இன்னொரு பாலத்தின் இடத்தில் வைத்தார்கள். வேறு சில பாலங்களும் இப்படி இடம் மாறியுள்ளன. ஒரு பாலத்தைத் தூக்கிப் போவதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை நியாயப்படுத்த ஏதேனும் காரணம் வேண்டும். 1957-இல் தொடங்கிய கூரைப் பால விழா அந்தக் காரணத்தைக் கொடுத்தது.

கார் கொடுத்த மறுவாழ்வு

அக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை தொடங்கிப் பத்து நாள் நடக்கும் கூரைப் பால விழா 1957 முதல் தொடர்கிறது. மேப்பிள் இலைகள் சிவக்கும் பருவம் அது. ராக்வில் நீதிமன்ற வளாகம், பிரிட்ஜ்டன், மான்ஸ்ஃபீல்டு, டேஞ்சியர் என ஊருக்கு ஊர் கடைகள் முளைக்கும். டேஞ்சியரில் மாட்டிறைச்சியை மண்ணில் புதைத்து, இரவு முழுவதும் கங்கில் வேகவைத்துப் பரிமாறுவார்கள். ஏற்பாட்டாளர்கள் சொல்லும் வருகைக் கணக்கு இருபது இலட்சத்தைத் தொடுகிறது. கணக்கைச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும், பதினாறாயிரம் பேர் வாழும் இடத்துக்கு அது பெரும் கூட்டம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கூரைப் பாலங்களை ஒழித்தது கார்; இந்தப் பாலங்களைக் காப்பதும் காரில் வருகிறவர்கள்தான். நடந்தோ ரயிலிலோ வந்து முப்பத்தொன்றையும் பார்க்க முடியாது. அவை ஓடைகளோரம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே பொருளாக இணைப்பது பயண வரைபடம்தான். வரைபடம் வருமுன் அவை முப்பத்தொரு தனித்தனிச் சாலைப் பிரச்சினைகள். வந்தபின் கவுண்டியின் பொதுச் சொத்து. 1978 டிசம்பரில் அவை தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஒரு தொகுதியாகச் சேர்க்கப்பட்டதும் இந்தப் பார்வையின் நீட்சி என்று கொள்ளலாம். பின்னர் 1998-இல், வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் முயற்சியால், கூரைப் பாலங்களைப் புதுப்பிப்பதற்கென்றே கூட்டாட்சி நிதித் திட்டம் ஒன்றும் சட்டத்தில் இடம்பெற்றது.

இரண்டு தீ

பயண வழி பாலத்தைக் காக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்க, துரதிர்ஷ்டவசமாக, இரண்டு தீவைப்புகள் வாய்த்தன. 2002 ஏப்ரலில் ஜெஃப்ரீஸ் ஃபோர்டு பாலம் கொளுத்தப்பட்டது. 2005 ஏப்ரல் 28-இல் பிரிட்ஜ்டன் பாலம். இரண்டும் பிக் ரக்கூன் ஓடையில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாமல் இருந்தவை. நூறாண்டு உலர்ந்த மரமும் புகைபோக்கிபோல் காற்றை இழுக்கும் வடிவமும் சேர்ந்தால் தீயணைப்பு வண்டி வருமுன் எல்லாம் முடிந்துவிடும். இரண்டும் முழுவதும் அழிந்தன.

பிரிட்ஜ்டன் பாலம் 2006-இல் மீண்டும் எழுந்தது. நன்கொடை திரண்டது, ஊர்க்காரர்களே தன்னார்வத் தொழிலாளர்களானார்கள், பழைய அளவுகளில், அதே பர் வில் முறையில் கட்டினார்கள். ஜெஃப்ரீஸ் ஃபோர்டு பாலம் திரும்ப வரவில்லை. வித்தியாசம் கட்டட அழகிலோ வயதிலோ மட்டும் இல்லை. பிரிட்ஜ்டனில் 1823 முதல் ஆலை உண்டு, ஓடையில் தடுப்பணையும் அருவியும் உண்டு, அக்டோபரில் தெரு முழுக்கக் கடைகள் உண்டு. அங்கே வண்டிப் போக்குவரத்துக்கென்று பக்கத்தில் கான்கிரீட் பாலம் 1960-களிலேயே வந்துவிட்டது. அதாவது, எரிந்தபோது அந்தக் கூரைப் பாலம் யாருடைய பயணத்துக்கும் அவசியமாக இல்லை. பார்ப்பதற்கு மட்டுமே இருந்தது. பார்க்கிறவர்கள் இருந்ததால்தான் திரும்பக் கட்டப்பட்டது.

ஐயோவா மாநிலத்தின் மாடிசன் கவுண்டியும் இதையே சொல்கிறது. அங்கே மெக்பிரைடு பாலம் 1983-இல் தீக்கிரையாகி மறைந்தது. இந்தக் கவுண்டியின் பாலங்களைப் பின்னணியாகக் கொண்ட ராபர்ட் ஜேம்ஸ் வாலரின் நாவல் 1992-இல் வந்தது. அதைத் தழுவிக் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய படம் 1995-இல். மாடிசன் கவுண்டிப் பாலங்களை உலகம் அறிந்த பிறகு, அங்குள்ள சீடார் பாலம் 2002-இல் எரிந்தது, திரும்பக் கட்டப்பட்டது. 2017-இல் மறுபடி எரிந்தது, மறுபடியும் கட்டப்பட்டது.

அசல் எது?

இப்படித் திரும்பக் கட்டியதைப் பழம்பாலம் என்று அழைக்கலாமா என்ற கேள்வி வரலாற்றாளர்களிடையே உண்டு. பொருளை அளவுகோலாக வைத்தால் பிரிட்ஜ்டன் பாலத்தின் வயது ஏறத்தாழ இருபதுதான். டேனியல்ஸின் கைபட்ட மரம் அதில் இல்லை. புதியதைப் பழையதென்று காட்டி விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த அளவுகோல் காக்ஸ் ஃபோர்டு பாலத்தை என்ன செய்யும்? அதன் வில் அதன் பாலத்தைவிட மூத்தது. போர்ட்லண்ட் மில்ஸ் பாலத்தின் மரம் பழையது, இடம் புதிது. மற்றப் பாலங்களிலும் கூரையும் தளப்பலகையும் பலமுறை மாறியிருக்கும். மாறுவதற்காகவே அவை வைக்கப்பட்டன. டேனியல்ஸும் பிரிட்டனும் தங்கள் வேலையை என்றும் மாறாத நினைவுச் சின்னமாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. உளுத்ததை எடுத்துவிட்டு நல்லதை வைத்து, தண்ணீர் கொண்டுபோனதை மீட்டு வேறிடத்தில் பூட்டி, வண்டி ஓடச் செய்வதே அவர்கள் தொழில். அந்த வகையில் 2006-இல் பிரிட்ஜ்டன் மக்கள் செய்ததும் 1913-இல் பிரிட்டன் செய்ததும் ஒரே மரபைச் சேர்ந்தவை.

அப்படியானால் உண்மையில் காக்க வேண்டியது மரத்தை மட்டும் அன்று, அந்த வேலையையும்தான். சீனாவின் ஃபூஜியான், ஜேஜியாங் மாகாணங்களின் மர வில் பாலங்கள் தொடர்பாக யுனெஸ்கோ 2009-இல் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது பாலங்களை அன்று. அவற்றைக் கட்டும் தச்சுமுறையை. பார்க் கவுண்டியின் ஐந்து நிறக் கோடுகள் பாலங்களை இணைக்கின்றன. ஆனால் வில்லை வளைக்கவும் மூட்டை இழைக்கவும் தெரிந்தவர்களை வளர்க்கும் ஏற்பாடு எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. கூட்டம் பிரிட்ஜ்டனிலும் மான்ஸ்ஃபீல்டிலும் நெரிகிறது. ஆலையும் கடையும் இல்லாத பாலங்கள் ஜெஃப்ரீஸ் ஃபோர்டின் நிலையில்தான் இன்னும் இருக்கின்றன: நிற்கும்வரை நிற்கும், போனால் கேட்க ஆள் இருக்குமா என்பது சந்தேகமே. விழா வருமானத்தில் ஒரு பங்கை, பெயர் பெறாத அந்தப் பாலங்களின் கூரைக்கும் அவற்றில் வேலை பழகும் இளம் தச்சர்களுக்கும் ஒதுக்குவது ஆடம்பரம் ஆகாது. ஃபிலடெல்ஃபியாவில் நீதிபதி பீட்டர்ஸ் போட்ட கணக்கும் அதுதான்: முன்கூட்டிச் செய்யும் சிறு செலவு, பின்னால் வரும் பெரு நட்டத்தைத் தடுக்கும்.